சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

சில மாதங்களுக்கு முன் எமது பாடசாலை மண்டபத்தில் சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டமொன்று நடந்தது. அஸர் தொழுகைக்குப் பின் என்பதால் ஆண்கள் கணிசமாக வந்திருந்தார்கள். பின்வரிசைகளில் தாய்மார். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி நல்ல மனிதர், தெரிந்த அளவுக்குத் தமிழிலேயே பேசினார். "இந்த ஊரில் ஐஸ் விற்பது யார்? பெயரைச் சொல்லுங்கள், நாளைக்கே பிடிக்கிறேன்" என்றார். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மறுநாள் இரண்டாம் பாடவேளைக்குள் இரண்டு தாய்மார் என்னைத் தேடி வந்துவிட்டார்கள். எந்த வீடு, எந்த முச்சக்கர வண்டி, பின்பக்க கேட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று எல்லாம் சொன்னார்கள். நேற்றே சொல்லியிருக்கலாமே என்றேன். "அவன்ட மாமா முன் வரிசையில இருந்தாரே சேர்" என்றார் ஒருவர்.

"முஸ்லிம் ஊர்களில் மக்கள் பொலிஸாருக்கு ஒத்துழைப்பதில்லை" என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும் என்று நினைக்கிறேன். எமது மக்களுக்குத் தெரியும். சொல்லவும் விரும்புகிறார்கள். சொன்ன சொல் எங்கே போய்ச் சேரும் என்பதில்தான் அவர்களுக்கு நம்பிக்கையில்லை. இந்தப் பயம் கற்பனையும் அல்ல. எனக்குத் தெரிந்த ஒருவர் பொலிஸுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லி ஒரு மணித்தியாலம் ஆவதற்குள், சம்பந்தப்பட்டவன் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். யார் வாயிலிருந்து கசிந்தது என்று இன்றுவரை தெரியாது.

நாடறிந்த உதாரணமும் உண்டு. 2018 டிசம்பரில் மாவனெல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டபோது, சந்தேக நபர்களைக் கண்டறிய உதவியவர்களில் அப்பகுதி முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் 2019 மார்ச்சில் தமது வீட்டிலேயே சுடப்பட்டார். உயிர் தப்பினார், ஆனால் உடல் முடங்கிப் போனது. அடுத்த மாதம் ஈஸ்டர் தாக்குதல் நடந்தது. சஹ்ரான் பற்றிக் காத்தான்குடி மக்கள் அதற்கு வெகு முன்பே முறையிட்டிருந்தார்கள். அதன் பிறகும், "ஏன் நீங்கள் முன்கூட்டியே சொல்லவில்லை?" என்று கேட்கப்பட்டது எம்மைப் பார்த்துத்தான். இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு, கூட்டத்தில் எழுந்து நின்று பெயர் சொல்லுங்கள் என்றால் எந்தத் தாய் சொல்வாள்?

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. குற்றமொன்று பற்றிய தகவல் யாரிடமிருந்து கிடைத்தது என்று வெளியிடும்படி ஒரு பொலிஸ் உத்தியோகத்தரைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது எமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. நீதிமன்றத்தில் கூடக் கட்டாயப்படுத்த முடியாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியளித்தல் மற்றும் பாதுகாத்தல் சட்டம் 2015இல் வந்து, 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டது. சாட்சியை அச்சுறுத்துவது அதன்படி தனியான குற்றம். ஆனால் சட்டம் நீதிமன்றத்தில் காக்கும் இரகசியத்தைத் தேநீர்க் கடையில் காக்காது. அதைக் காக்க வேண்டியது பொலிஸ் நிலையத்தின் ஒழுங்கும் குழு அங்கத்தவர்களின் நாவும்தான்.

ஆகவே பெயர் கேட்கும் இடமாகக் கூட்டம் இருக்கக் கூடாது. கூட்டத்தில் பேச வேண்டியவை வேறு. எந்தச் சந்தியில் வீதி விளக்கு எரிவதில்லை (அது பிரதேச சபையின் வேலை, பொலிஸாரின் வேலை அல்ல), எந்த வெற்றுக் காணியில் பற்றை மண்டிக் கிடக்கிறது, ரியூஷன் விட்டு மாணவிகள் வரும் நேரத்தில் ரோந்து வருகிறதா, கடந்த கூட்டத்தில் சொன்னவற்றில் எத்தனை முடிந்தது. நபர்கள் பற்றிய தகவல் தனியே, நேரடியாகப் பொறுப்பதிகாரிக்குப் போக வேண்டும். நிலையத்தின் மேல் நம்பிக்கையில்லாவிட்டால் அதற்கு மேலுள்ள உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் போகலாம். அவசரமென்றால் 119 இருக்கிறது.

தகவல் என்பதும் வெறும் பெயர் அல்ல. "இன்னாரின் மகன் விற்கிறான்" என்பது ஊர்க்கதை. வாகன இலக்கம், நாள், நேரம், நின்ற இடம், எத்தனை முறை கண்டீர்கள் என்பவைதான் பொலிஸாருக்குப் பயன்படும். கடைகளின் சீசீடிவி கமராக்கள் பழைய பதிவுகளைத் தாமாகவே அழித்து மேலெழுதிவிடும். திருட்டு நடந்து இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் ஒன்றுமிராது. எங்கள் கடைத்தெருவில் ஒரு கமராவின் கடிகாரம் பல மணித்தியாலம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்து எந்த வழக்கை நடத்துவது? கையில் கிடைத்த காட்சியை வட்ஸ்அப் குழுமத்தில் போடுவதைப் போன்ற உபகாரம் திருடனுக்கு வேறில்லை. அவனும் அந்தக் குழுமத்தில்தான் இருக்கிறான்.

முறைப்பாடு கொடுப்பதில் எம்மவர்களுக்குள்ள இன்னொரு இடர்பாடு மொழி. தமிழில் சொல்கிறோம், சிங்களத்தில் எழுதப்படுகிறது, வாசிக்கத் தெரியாமல் கையெழுத்திடுகிறோம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகத் தரப்படும் தகவலை அது தரப்படும் மொழியிலேயே எழுத வேண்டும் என்றும், எழுதியதை முறைப்பாட்டாளருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த மொழியில் எழுத உத்தியோகத்தரால் முடியாவிட்டால், உங்களையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

இனி மறுபக்கம். குழு அங்கத்தவர் என்ற அட்டை கையில் வந்ததும் தானும் பாதிப் பொலிஸ் என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த அட்டை எந்தச் சட்ட அதிகாரத்தையும் தருவதில்லை. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமொன்று தன் கண் முன்னே நடந்தால் எந்தப் பிரஜையும் அந்த ஆளைப் பிடிக்கலாம், தாமதிக்காமல் பொலிஸிடம் ஒப்படைக்கவும் வேண்டும். அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு தருவது அவ்வளவுதான். வீடு புகுந்து தேடுவது, கட்டி வைத்து அடிப்பது, மொட்டையடிப்பது எல்லாம் குற்றங்கள். பிடித்தவன் திருடனே ஆனாலும் வழக்கில் நிற்பது அடித்தவர்தான்.

2011 ஓகஸ்டில் கிறீஸ் மனிதன் பீதி நாடெங்கும் பரவியது நினைவிருக்கும். இரவிரவாக இளைஞர்கள் பொல்லுகளோடு காவல் இருந்தார்கள். புத்தளத்தில் அது முற்றி, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் பாதுகாப்புத் தரப்பினர் வீடுகளுக்குள் புகுந்து ஆண்களை இழுத்துச் சென்று தாக்கினார்கள். பொலிஸாரை நம்பாத மக்களும் மக்களை நம்பாத படையினரும் இருட்டில் எதிரெதிரே நின்றால் அப்படித்தான் முடியும்.

போதைப்பொருள் விடயத்தில் ஆசிரியனாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2022இன் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின், ஐந்து கிராம் அல்லது அதற்கு மேல் ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். இது தெரியாமல், "இந்தப் பொதியை அங்கே கொடுத்துவிட்டு வா, ஆயிரம் ரூபா தருகிறேன்" என்ற பேச்சில் விழும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் தொடங்கிய யுக்திய நடவடிக்கையில் பெருந்தொகையானோர் கைதானார்கள். ஆனால் சுலபமாக அகப்படுபவன் பாவிப்பவன். விற்பவன் ஒழுங்கையை மாற்றிக்கொள்கிறான். பாவிக்கும் பிள்ளையைக் காட்டிக் கொடுப்பதா என்று தயங்கும் பெற்றோர் முதலில் 1927க்கு அழைக்கலாம். அது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம். சிறுவர்களைப் பயன்படுத்துவோர் பற்றி 1929இல் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்கலாம். பள்ளிவாசல் நிருவாகம் ஊர்நீக்கம் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த இரண்டு இலக்கங்களையும் அறிவித்தல் பலகையில் ஒட்டினால் நல்லது.

அந்தத் தாய்மாரில் ஒருவர், தான் கண்டதைத் தன் கைப்படத் தமிழில் எழுதினார். நானும் அவரது தம்பியும் அவரோடு பொறுப்பதிகாரியைச் சந்தித்தோம். நிலையத்தில் அல்ல, அவர் வேறு ஓர் அலுவலாகக் கல்வி வலய அலுவலகத்துக்கு வந்த நாளில். பெயர் கேட்பதைக் கூட்டத்தில் நிறுத்துங்கள் என்று நான் சொன்னதை அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் விளக்குகள் பற்றியும் பற்றைக் காணி பற்றியும் மட்டும் பேசினோம். மாமா அன்றும் முன்வரிசையில்தான் இருந்தார். அதற்குப் பிறகு பாடசாலையின் பின்பக்க கேட்டில் அந்த முச்சக்கர வண்டியைக் காணவில்லை. பக்கத்து ஊர்ப் பாடசாலையில் கற்பிக்கும் நண்பரிடம் அதன் இலக்கத்தைக் கொடுத்து வைத்திருக்கிறேன்.