வகுப்பறைக்குள் கைத்துப்பாக்கி

அமெரிக்கக் கல்லூரிக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாமா என்றால், மாநிலத்துக்கு மாநிலம் பதில் மாறும். டெக்ஸாஸை எடுத்துக்கொள்வோம்.

அங்கே 2015-இல் அதை அனுமதிக்கும் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பல்கலைக்கழகங்களில் 2016 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை. எல்லா மாணவரும் ஆயுதத்தோடு வரலாம் என்று அர்த்தமில்லை. உரிமம் வேண்டும், துப்பாக்கி வெளியே தெரியக் கூடாது. சட்டம் வந்தபோது உரிமத்துக்குப் பொதுவாக 21 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்று இருந்தது. வளாகத்தின் திறந்தவெளியில் உரிமக்காரர்களுக்கு 1990களிலிருந்தே தடை இல்லை. புதுச் சட்டம் கட்டடங்களுக்குள்ளும் அனுமதித்தது. தனியார் பல்கலைக்கழகங்கள் மறுக்கலாம். அநேகமாக எல்லாமே மறுத்துவிட்டன.

ஆதரிப்பவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக்கில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கோபிசெட்டிபாளையம் அருகே கரட்டடிபாளையத்தில் பிறந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன் அவர்களில் ஒருவர். நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வளாகத்தில் துப்பாக்கிக்குத் தடை இருந்தது. கொலைகாரன் தடையை மதிக்கவில்லை, மதித்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள் என்று ஆதரவாளர்கள் சொல்லும்போது அந்த வேதனை எனக்குப் புரிகிறது.

ஆனால் 2015-இல் ஆரிகனின் அம்ப்குவா கல்லூரியில் நடந்த துப்பாக்கிச்சூட்டையும் பாருங்கள். அன்று வளாகத்தில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்த முன்னாள் படைவீரர் ஒருவர் இருந்தார். வேறு கட்டடம். ஓடிப்போனால் போலீஸ் தன்னையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுவிடும் என்று அவர் போகவில்லை. பயிற்சி பெற்றவரின் கணக்கு அது. பின்லேடன் மீதான தாக்குதலை மேற்பார்வையிட்ட வில்லியம் மெக்ரேவன்தான் அப்போது டெக்ஸாஸ் பல்கலைக்கழகக் குழுமத்தின் வேந்தர். ஆயுதத்தை நன்றாக அறிந்த அவரே டெக்ஸாஸ் சட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார்.

கைதவறி வெடிப்பதும் உண்டு. 2014-இல் ஐடஹோவில் வகுப்பு நடக்கும்போதே ஓர் ஆசிரியரின் கால்சட்டைப் பையிலிருந்த துப்பாக்கி வெடித்து, குண்டு அவர் காலிலேயே பாய்ந்தது.

இரு தரப்பும் மற்றவர்களைச் சுட வரும் கொலைகாரனைப் பற்றியே பேசுகின்றன. எனக்குப் பெரிய கவலை விடுதி அறை. தேர்வில் தோற்று, காதலில் உடைந்து, ஊரைவிட்டுத் தனியாக இருக்கும் பிள்ளைக்கு, சாக நினைக்கும் அந்த ஒரு ராத்திரியைக் கடப்பதுதான் முக்கியம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களில் செய்து 1997-இல் வெளியான ஆய்வில், மாணவர்களின் தற்கொலை விகிதம் அதே வயது மற்றவர்களின் விகிதத்தில் ஏறக்குறைய பாதிதான். வளாகத்தில் துப்பாக்கி அரிதாக இருந்ததை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். விடுதிப் பிள்ளைகளில் பலர் 21-க்குக் கீழ், அந்த வயதுவரம்பு போதாதா என்பீர்கள். அறைத்தோழனின் துப்பாக்கி மேசை இழுப்பறையில் இருந்தால் வயதுவரம்பு என்ன செய்யும்?

சில இடங்களை விலக்கி வைக்கும் அதிகாரத்தைச் சட்டம் பல்கலைக்கழகத் தலைவர்களுக்குத் தந்திருக்கிறது. ஆஸ்டினில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் அதைப் பயன்படுத்தி, சில விதிவிலக்குகள் நீங்கலாக விடுதி அறைகளிலும், மனநல ஆலோசனை தரும் இடங்களிலும் துப்பாக்கியைத் தடுத்தார்கள். வகுப்பறையை அவர்களால் காக்க முடியவில்லை. ஆனால் ராத்திரியில் பிள்ளைகள் தனியாக இருக்கும் இடத்தைக் காத்தார்கள். மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களும் முதலில் இதைச் செய்ய வேண்டும்.