ஸ்மார்ட்போனுக்கு எட்டும் வைஃபை

விளைபொருள் விலை, மழை எச்சரிக்கை, நிலப்பதிவு ஆகிய விவரங்களை ஸ்மார்ட்போனிலேயே அறியும் வழக்கம் விவசாயிகளிடையே பரவியிருக்கிறது. கூடத்தில் தடையின்றிக் கிடைக்கும் வைஃபை, களத்திலும் தொழுவத்திலும் குன்றிவிடுவது பலரும் அநுபவத்தில் கண்டதே. உடனே புதிய போன் வாங்குவதும், வேகம் மிகுந்த இணைப்புக்குப் பணம் கட்டுவதும் வீண் செலவாக முடியக்கூடும். காரணத்தை அறிந்து பரிகாரம் தேடுதலே உசிதம்.

ரௌட்டரிலிருந்து புறப்படும் வானொலி அலை நாற்புறமும் விரிந்து செல்வதால், திறந்த வெளியிலும் தூரம் 2 மடங்கானால் அதன் சக்தி நாலில் ஒரு பங்காகக் குறையும். செங்கற்சுவரும் கான்கிரீட்டும் அதை மேலும் பலவீனப்படுத்தும். தகரக் கூரையும் இரும்புப் பீரோவும் அலையைத் திருப்பிவிடும். நீர்த்தொட்டியும் ஈரந்தோய்ந்த தழைகளும் அதை உறிஞ்சும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து தூரம் செல்ல ஏற்றது, வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அருகில் விரைவாக வேலை செய்யும். தூரத்தில் விரைவில் மங்கும். மைக்ரோவேவ் அடுப்பு எரியும்போது முன்னதற்கு இடையூறு நேரும்.

போனின் ஆன்டெனா சிறியது. அது அனுப்பும் சக்தியும் பெரும்பாலும் ரௌட்டரினும் குறைவே. ஆகையால் ரௌட்டரின் செய்தி போனை அடைந்தாலும், போனின் பதில் ரௌட்டரை எட்டாமற் போகலாம். திரையில் கோடுகள் தெரிந்தும் வேலை நடவாமைக்கு இது ஒரு காரணம். உலோக உறையும் இக்குறையை அதிகமாக்கும்.

ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் போன்கள், முறைத்தண்ணீர் பாய்ச்சுவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகவே பேசும். கடைமடை வயலுக்கு நீர் ஏற நெடுநேரம் ஆவதுபோல், தூரத்திலுள்ள போன் அதே செய்தியை மெதுவாக அனுப்பி அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் அருகிலுள்ளவர்களின் வேகமும் குறைகிறது.

பணம் செலவிடுமுன் ஒரு சோதனை செய்தல் நலம். மற்றக் கருவிகளை நிறுத்திவிட்டு, ரௌட்டர் அருகில் ஒரு முறையும் வேண்டிய இடத்தில் ஒரு முறையும் வேகத்தை அளக்க வேண்டும். வேறொரு போனிலும் அளந்து, அருகிலேயே இரண்டிலும் வேகம் குறைந்திருந்தால் இணைப்பையும் ரௌட்டரையும் சோதிக்க வேண்டும். தூரத்தில் மட்டும் குறைந்தால், ரௌட்டரை வீட்டின் நடுவே, ஆள் உயரத்திற்கு மேல், உலோகப் பொருள்களுக்கு விலக்கி வைப்பது முதற்காரியம். களம் வரை சேவை வேண்டுவோர், அங்கே கேபிள் இழுத்து மற்றொரு அக்ஸஸ் பாயிண்ட் அமைத்துக்கொள்வதே நிலையான பலன் தரும்.