தீவுக்குள்ளே ஒரு மரிக்கொழுந்து

பூதப்பாண்டியில் வயலையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கடல் என்றால் ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் முங்கி எழுவதோடு சரி. ராமேசுவரம் போக வேண்டுமென்று அத்தை பிடிவாதம் பிடித்ததால்தான் அந்தத் தீவைப் பார்க்க வாய்த்தது.

கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நனைந்தோம். நீண்ட பிராகாரத்தில் குழந்தைகள் ஓடி ஓடிக் களைத்தார்கள். தனுஷ்கோடியில் மட்டும் யாரும் பேசவில்லை. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, பயணிகளோடு ரயிலையே கடல் கொண்டுபோன இடமல்லவா! மிஞ்சி நிற்பவை சர்ச்சின் சுவரும் சில இடிபாடுகளும்தான்.

திரும்பும்போது பாம்பனில் ஒரு காட்சி. படகிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, விரல்களில் துணிக்கிழிசல். "என்னம்மா இது வேஷம்?" என்று அத்தை கேட்டே விட்டாள். "பாசி எடுக்கப் போயிட்டு வாறோம்மா" என்று ஒருத்தி சிரித்தாள். மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய பாசியைக் கையாலேயே பறிக்கிறார்கள். பாறை கிழிக்காமலிருக்கத்தான் அந்தத் துணி. ஒரு பாசிக்கு மரிக்கொழுந்து என்றே பெயராம்! தோவாளைச் சந்தையில் பூவோடு கட்டும் மரிக்கொழுந்துதான் நமக்குத் தெரியும்.

ஆனால் இந்தப் பிழைப்பில் நிம்மதி இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 குட்டித் தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவாகிவிட்டன. அங்கே பாசி எடுக்கத் தடை. பவளப்பாறையைக் காக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. தாயும் பாட்டியும் முங்கிய இடத்தில் மகள் முங்கினால் குற்றம் என்றால், அவள் அடுப்பு எப்படி எரியும்? அந்தப் பெண்கள் சும்மா புலம்பிக்கொண்டிருக்கவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது, இரும்புக் கருவி கூடாது, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015-ல் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு, தீவுகளைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜி பரிசளித்தது.

மளிகைக் கடையில் நாம் வாங்கும் வெள்ளைக் கடல்பாசி இந்த வகைப் பாசிகளைக் காய்ச்சி எடுப்பதுதான். வீட்டுக்கு வந்ததும் அத்தையே செய்தாள். 5 கிராம் பாசியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, முழுக்கக் கரைந்ததும் சூடான அரை லிட்டர் பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துத் தட்டில் ஊற்ற வேண்டும். பிரிஜ் இல்லாவிட்டாலும் உறைந்துவிடும்.