விபத்து இழப்பீடு: சாட்பாட் சொல்லும் சட்டத்தை நம்பலாமா?

இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன; 1,68,491 பேர் உயிரிழந்தனர். மத்திய அரசு வெளியிட்ட இக்கணக்கில், மிக அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. ஒவ்வொரு விபத்துக்கும் பின்னால் ஒரு குடும்பம் மருத்துவமனை வாசலிலோ பிணவறை வாசலிலோ காத்து நிற்கிறது. வழக்கு போட வேண்டுமா? எங்கே போட வேண்டும்? எவ்வளவு கிடைக்கும்? காப்பீட்டு நிறுவனத்தார் நீட்டும் தாளில் கையெழுத்திடலாமா? அந்த நேரத்தில் எழும் இக்கேள்விகளுக்கு முன்பெல்லாம் ஊர்ப் பெரியவரோ காவல் நிலையத்தில் பழக்கமுள்ள ஒருவரோ பதில் சொன்னார். இன்று கைபேசியிலுள்ள சாட்ஜிபிடியோ ஜெமினியோ சொல்கிறது.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன் என்ற முறையில் இந்த மாற்றத்தை நேரில் பார்க்கிறேன். வருகிறவர்களில் பலர் அச்செடுத்த சாட்பாட் பதிலோடு வருகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. விபத்து நடந்த சில மணி நேரத்திலேயே மருத்துவமனையைச் சுற்றி வந்து, ‘வழக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வரும் பணத்தில் பங்கு கொடுத்தால் போதும்’ என்று பேரம் பேசும் தரகர்கள் இருக்கிறார்கள். இழப்பீட்டில் பங்கு கேட்டு ஒரு வழக்கறிஞர் ஒப்பந்தம் செய்துகொள்வதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. நள்ளிரவிலும் சலிக்காமல், காசு கேட்காமல், மரியாதையாகப் பதில் சொல்லும் ஒரு கருவியை அவர்கள் நாடுவது இயல்பே. அந்தப் பதிலில் எந்தப் பகுதியை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பிரித்தறிவதில்தான் சிக்கல் இருக்கிறது.

பழைய சட்டம், புதிய விபத்து

சாட்பாட் பொய்யான தீர்ப்புகளைப் புனைந்து சொல்லும் என்பதை இன்று பலரும் அறிவார்கள். 2023இல் நியூயார்க்கில், விமானப் பயணத்தின்போது காயமடைந்த பயணி ஒருவர் தொடுத்த இழப்பீட்டு வழக்கில், சாட்ஜிபிடி கற்பித்துக் கொடுத்த இல்லாத தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டினார்கள். நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. ஆனால், நான் அதிகம் அஞ்சுவது இந்தப் புனைவுகளைக் கண்டல்ல. இல்லாத தீர்ப்பைத் தேடிப் பார்த்தால் பொய் அம்பலமாகிவிடும். ஒருகாலத்தில் உண்மையாக இருந்து இன்று மாறிவிட்ட சட்டத்தை அதே உறுதியோடு சொன்னால், அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

கால வரம்பை எடுத்துக்கொள்வோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் முதலில் இழப்பீட்டு மனுவுக்கு 6 மாத வரம்பு வைத்திருந்தது. 1994இல் அது நீக்கப்பட்டது. ஏறத்தாழ 27 ஆண்டுகள், ‘விபத்து இழப்பீட்டு மனுவுக்குக் கால வரம்பு இல்லை’ என்பதே சட்டம். அந்தக் காலத்தில் எழுதப்பட்ட தீர்ப்புகளும் கட்டுரைகளும் கேள்வி பதில்களும் இணையம் முழுக்க நிறைந்திருக்கின்றன. 2019இல் செய்யப்பட்ட திருத்தம் 2022 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்ற வரம்பு திரும்பி வந்தது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன. கால வரம்பைக் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என 2025 நவம்பரில் அந்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

ஆக, ‘வரம்பு இல்லை’, ‘6 மாதம்’, ‘6 மாதம், ஆனால் இடைக்கால உத்தரவு இருக்கிறது’ என மூன்று விடைகள். விபத்து எந்த நாளில் நடந்தது, கேள்வி எந்த நாளில் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே சரியான விடை அமையும். பெருந்திரளான பழைய எழுத்தைப் படித்துப் பழகிய கருவி, எண்ணிக்கையில் மிகுந்த விடையின் பக்கம் சாய்வது வியப்பில்லை. இடைக்கால உத்தரவு நிரந்தரப் பாதுகாப்பும் ஆகாது. எனவே, என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எந்த விவாதத்துக்கும் இடம் வைக்காமல் 6 மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.

இதே நிலைதான் மற்ற இடங்களிலும். அடையாளம் தெரியாத வாகனம் மோதிவிட்டுச் சென்ற விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு முன்பு 25,000 ரூபாய். இப்போது 2 லட்சம். கொடுங்காயத்துக்கு 12,500 ரூபாயாக இருந்தது 50,000 ஆகியிருக்கிறது. பழைய தொகையைப் படித்துவிட்டு, ‘இதற்காக அலைய வேண்டுமா?’ என்று ஒரு குடும்பம் ஒதுங்கிவிட்டால் அந்த இழப்பு யார் கணக்கிலும் வராது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 7 நாள்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு. அதற்கு முந்தைய எழுத்துகளோடு பயிற்சி நின்றுபோன கருவிக்கு இத்திட்டம் தெரியாமல் போகலாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சம்ஹிதை வந்துவிட்டது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு நாம் பழகியிருந்த 304ஏ பிரிவு இன்று 106 ஆகிவிட்டது.

எந்த ஊர்ச் சட்டம்?

கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டால் வேறொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. கார் விபத்து இழப்பீடு குறித்து இணையத்தில் உள்ள ஆங்கில எழுத்தில் பெரும்பகுதி அமெரிக்க வழக்கறிஞர் நிறுவனங்கள் விளம்பரத்துக்காக எழுதியது. அங்கே ‘மல்டிபிளையர்’ என்றால் மருத்துவச் செலவைக் குறிப்பிட்ட மடங்கால் பெருக்கி, வலிக்கும் வேதனைக்கும் தொகை கேட்கும் பேர வழக்கம். இந்தியாவில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு: இறந்தவரின் வயதை ஒட்டி, ஆண்டு வருமான இழப்பைப் பெருக்குவதற்கு உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கில் வகுத்துத் தந்த எண். சொல் ஒன்று, சட்டம் இரண்டு. இரண்டையும் கலந்து ஒரு பத்தியில் கொடுத்தால், படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. தமிழில் கேட்டால் இந்தக் கலப்படம் குறையலாம். ஆனால், இந்தியத் தீர்ப்புகள் குறித்துத் தமிழில் உள்ள எழுத்து மிகக் குறைவு என்பதால் விடை மேலோட்டமாகிவிடுகிறது.

5 லட்சமா, 40 லட்சமா?

இந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். 35 வயதுத் தச்சர் ஒருவர், லாரி ஓட்டுநரின் கவனக்குறைவால் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தார்கள். அவரது மாத வருமானம் 20,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் ஆண்டுக்கு 2,40,000. சுயதொழில் செய்வோர் 40 வயதுக்கு உட்பட்டவரானால், எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்பது 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. தொகை 3,36,000 ஆகிறது. நான்கு பேர் சார்ந்திருப்பதால், அவரது சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 2,52,000. அவரது வயதுக்குரிய பெருக்கும் எண் 16. மொத்தம் 40,32,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு, கணவரின் துணையை இழந்ததற்கான தொகை ஆகியவை இதற்கு மேல்.

இப்போது, ‘சாலை விபத்தில் இறந்தால் எவ்வளவு கிடைக்கும்?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘164ஆம் பிரிவின்படி 5 லட்சம்’ என்ற பதில் வரக்கூடும். அந்தப் பதிலில் பிழையில்லை. யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமல் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் தரச் சொல்கிறது அந்தப் பிரிவு. ஆனால், 166ஆம் பிரிவில் 2019இல் சேர்க்கப்பட்ட ஒரு விலக்கு இருக்கிறது. 149ஆம் பிரிவின் சமரச நடைமுறைப்படி 164இன் தொகையை ஒருவர் ஏற்றுக்கொண்டுவிட்டால், தீர்ப்பாயத்தில் அவருடைய இழப்பீட்டு மனு காலாவதியாகிவிடும். 5 லட்சத்துக்குக் கையெழுத்திட்ட நாளில், 40 லட்சத்துக்கான கதவு மூடிவிடுகிறது. ‘இந்தத் தாளில் கையெழுத்திட்டால் என்ன ஆகும்?’ என்று கேட்கத் தெரியாத குடும்பத்துக்கு, கேட்காத கேள்விக்கு விடை சொல்லும் கடமை அந்தக் கருவிக்கு இல்லை. எதிரில் அமர்ந்து ஆவணங்களைப் புரட்டும் வழக்கறிஞருக்கு அந்தக் கடமை இருக்கிறது.

காயமடைந்தோரின் வழக்குகளிலும் இதே தொல்லை உண்டு. சான்றிதழில் ஊனம் 60 விழுக்காடு என்றிருந்தால், வருமான இழப்பும் 60 விழுக்காடு என்று கணக்கிடத் தோன்றும். இடது கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ வருமான இழப்பு ஏறக்குறைய 100 விழுக்காடாக இருக்கலாம். அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை தொடர்ந்தால் அந்த அளவுக்கு இழப்பு இராது என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கையின் ஊனத்தை மருத்துவர் அளப்பார். அந்தக் கை எந்த வேலையைச் செய்தது என்பதைத் தீர்ப்பாயத்துக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். மோதிய வாகனத்தின் காப்பீடு நடப்பில் இருந்ததா, ஓட்டுநருக்கு உரிய உரிமம் இருந்ததா, இறந்தவர் காரில் பயணித்தவரா, அந்தக் காருக்கு முழுமைக் காப்பீடா மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமா என ஒவ்வொன்றும் விடையை மாற்றும். கேட்டவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு, சொல்லாததை விசாரிக்காமல் பதில் தருவதே சாட்பாட்டின் பழக்கம்.

சொன்னது யாருக்குப் போகிறது?

பலரும் எண்ணிப் பார்க்காத இன்னொன்று ரகசியம். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குப் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 132ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. அவரது சம்மதமின்றி வழக்கறிஞர் அதை வெளியிடக் கூடாது. சாட்பாட்டிடம் ‘நானும் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன்’ என்று தட்டச்சு செய்வதற்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. தங்கள் கருவியுடனான உரையாடலுக்கு வழக்கறிஞர் உரையாடலுக்குரிய சட்டக் காப்பு கிடையாது என்பதை ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025 ஜூலையில் வெளிப்படையாகச் சொன்னார். அவர் பேசியது அமெரிக்கச் சூழலைப் பற்றி. நமக்கும் எச்சரிக்கை பொருந்தும். முதல் தகவல் அறிக்கை, மருத்துவ ஆவணங்கள், ஆதார் ஆகியவற்றைப் படம் எடுத்து அதில் பதிவேற்றுவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

நீதித் துறையே இதில் எச்சரிக்கையோடு நடக்கிறது. தீர்ப்பு முடிவுகளை எட்டச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதித் துறைக்குக் கொள்கை வகுத்தது. சட்டம் படித்த நீதிபதிகளுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், கணவனை இழந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு பெண் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

இதனால் கருவியைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காவல் துறை தந்த ஆங்கில அறிக்கையைப் புரிந்துகொள்ள, ஒரு சட்டச் சொல்லின் பொருளை அறிய, வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைப் பட்டியலிட அது நன்றாகவே உதவுகிறது. கேள்விகளோடு வரும் கட்சிக்காரரை எனக்குப் பிடிக்கும். ஆனால் மூன்று முடிவுகளை அதனிடம் விடக் கூடாது: எந்த நாளுக்குள் மனு செய்வது, எவ்வளவு தொகை கேட்பது, எந்தத் தாளில் கையெழுத்திடுவது. இம்மூன்றிலும் பிழை நேர்ந்தால் திருத்துவது கடினம்; சில நேரங்களில் முடியாது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஏனையோருக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். விபத்து நடந்த ஊரில்தான் வழக்கு போட வேண்டும் என்பதும் இல்லை; மனுதாரர் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ் அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருத்துவமனை ரசீதுகள், வருமானத்துக்கான ஏதாவது ஒரு சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு முதல் மாதத்திலேயே போய்விடுங்கள். அதுவரை, காப்பீட்டு நிறுவனத்தின் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.