ஒன்று பலவாகும் கலை

அச்சு என்னும் சொல் தமிழில் பல பொருள்களைத் தருவது. வண்டியின் இரு சக்கரங்களையும் இணைத்துத் தாங்குவதும் அச்சு. வெல்லப் பாகுக்கு வடிவம் தருவதும் அச்சு. நூல்களைப் பதிப்பிக்கும் எழுத்தும் அச்சு. நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர்ப் பகுதியில் கரும்பு ஆலைகள் உள்ள ஊர்களுக்குச் செல்வோர், காய்ச்சித் திரண்ட பாகு அச்சுக் குழிகளில் வார்க்கப்படுவதையும், ஆறியபின் ஒரே வடிவுடைய வெல்லக் கட்டிகள் வெளிப்படுவதையும் காண்பர். குழி ஒன்று, அது தரும் கட்டிகளோ ஆயிரம். அச்சுக் கலையின் உயிர்நிலை இதுவே. ஒரு வடிவைச் செம்மையாகச் செய்துகொண்டால், அதனைப் போன்றவற்றை வேண்டிய அளவு பெறலாம்.

இவ்வுண்மையை மக்கள் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்தனர். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் சிந்துவெளியில் வாழ்ந்தோர் மாக்கல்லில் எருதும் யானையும் செதுக்கி, அம்முத்திரைகளை ஈரக் களிமண்ணில் அழுத்தினர். சீனர் மரப் பலகையில் எழுத்துகளைச் செதுக்கி, மை தடவித் தாளில் பதித்தனர். அவ்வாறு கி.பி. 868ஆம் ஆண்டில் அச்சிட்ட பௌத்த நூல் ஒன்று இன்றும் இலண்டன் மாநகரில் பாதுகாக்கப்படுகிறது. குசராத்து நாட்டில் மர அச்சினால் பூவேலை செய்யப்பட்ட பருத்தித் துணிகள் கடல் கடந்து எகிப்து வரை சென்றன. அத்துணிகளின் துண்டுகள் பழைய கெய்ரோ நகரத்து மண்ணில் கிடைத்துள்ளன.

தமிழ் எழுத்து அச்சேறிய காலமும் அறியத்தக்கது. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டது. பின்னர்ப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீகன்பால்கு என்னும் செருமானியப் பாதிரியார் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நிறுவினார். ஆயினும் நம் பழந்தமிழ் நூல்களிற் பல அதன் பின்னரும் நெடுங்காலம் ஓலைச் சுவடிகளிலேயே உறங்கின. ஓலைக்குப் பகை பல. செல் அரிக்கும்; நெருப்பு எரிக்கும்; வெள்ளம் வாரும்; காலம் பொடியாக்கும். ஒரு நூலுக்கு ஊரில் ஒரே சுவடி இருந்து, அதுவும் அழியுமாயின், அவ்வூரைப் பொறுத்தவரை அந்நூல் இறந்ததேயாகும்.

இந்நிலையில் தமிழுக்கு வாழ்வளித்த நிகழ்ச்சி ஒன்று 1880ஆம் ஆண்டில் நேர்ந்தது. அப்பொழுது கும்பகோணத்தில் முன்சீப்பாக விளங்கியவர் சேலம் இராமசாமி முதலியார். அந்நகரத்துக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர் அவரைக் காணச் சென்றார். தாம் கற்ற நூல்களையெல்லாம் ஐயர் எடுத்துரைத்தார். முதலியாரோ, சீவகசிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவினார். ஐயர் அதனைக் கற்றிலர். முதலியார் அந்நூலின் பிரதியை அவருக்கு அளித்தார். ஐயர் ஊர்தோறும் சென்று சுவடிகளைத் தேடி, ஒப்பு நோக்கி, ஆராய்ந்து, 1887ஆம் ஆண்டில் சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். தொடர்ந்து 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவரது பதிப்பில் வெளிவந்தன. சேலத்துப் பெருமகனார் ஒருவரின் வினாவும், ஐயரின் அயரா உழைப்பும், அச்சுப் பொறியின் துணையும் ஒன்று கூடியமையால், சிலர் கையில் இருந்த செல்வம் பல்லோர்க்கும் உரியதாயிற்று.

இத்தகைய கலையின் அடிப்படையை அறிதற்குப் பெரிய பொறிகள் வேண்டுவதில்லை. சேலம், நாமக்கல் சமவெளிகளில் எளிதிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சிறுவர் சிறுமியர் இதனைச் செய்து கற்கலாம்.

முதற்கண் வேண்டுவது மை. சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கு மிகுதியாக விளைகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலம் தொட்டு இக்கிழங்கிலிருந்து சவ்வரிசியும் மாவும் செய்யும் தொழில் இங்கே வளர்ந்துள்ளது. நெசவுத் தொழிலில் பாவு நூலுக்குக் கஞ்சியிட இம்மாவு பயன்படும். அதுவே மைக்கும் பசையாகும். ஒரு பங்கு மாவைச் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்துக்கொள்க. மொத்தத்தில் பத்துப் பங்கு நீர் ஆகுமாறு எஞ்சிய நீரைச் சேர்த்து, பெரியோர் ஒருவரின் துணையுடன் சிறு தீயில் வைத்துக் கிளறுக. பால்போல் இருந்த நீர் தெளிந்து, கூழ்போல் தடிக்கும்போது இறக்கி ஆறவிடுக. மாவினை முதலிலேயே கொதிநீரில் இட்டால் மேற்புறம் மட்டும் வெந்து, உள்ளே மாவு கட்டிகளாக நின்றுவிடும். குளிர்ந்த நீரில் கரைப்பதன் காரணம் இதுவே.

இக்கூழில் நிறப்பொடியைக் குழைத்தல் வேண்டும். அகல் விளக்கின் சுடருக்கு மேலே படியும் கரி கருநிறம் தரும். சலித்த செம்மண் காவி நிறம் தரும். மஞ்சள் தூள் மஞ்சள் நிறம் தரும். அதனுடன் வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பு சிறிதளவு சேர்ந்தால் செந்நிறம் தோன்றும். ஆரத்தி நீர் சிவப்பதும் இவ்வியல்பினாலேயே. மஞ்சள் நிறம் வெயிலில் விரைவில் மங்கும். கரியும் செம்மண்ணும் நெடுநாள் நிற்கும். கூழ் இரண்டொரு நாளில் புளித்துவிடுமாதலால் வேண்டியபோது புதிதாகச் செய்துகொள்வதே நன்று.

எளிய அச்சு இலையினால் ஆவது. பூவரசு, அரசு, ஆமணக்கு, மரவள்ளி ஆகியவற்றின் இலைகள் இதற்கு ஏற்றவை. இலையின் மேற்புறம் வழவழப்பானது. அடிப்புறத்திலேயே நரம்புகள் புடைத்து நிற்கின்றன. ஆதலால் அடிப்புறத்தில் மை இடுதல் வேண்டும். பஞ்சைத் துணியில் பொதிந்து கட்டி, மையில் ஒற்றி, இலையின்மேல் மெல்லத் தட்டுக. மை இட்ட புறம் தாளிற் படுமாறு இலையை வைத்து, மேலே மற்றொரு தாளை இட்டு, விரல்களால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துக. பின்னர் இலையைக் காம்பைப் பற்றி மேலே தூக்குக. நரம்புகளெல்லாம் ஓவியன் தீட்டிய கோடுகள்போல் தாளில் நிற்கும். இத்தாலிய ஓவியப் பேரறிஞர் இலியனார்டோ டா வின்சியும் தம் குறிப்பேட்டில் இவ்வாறு ஓர் இலையைப் பதித்து வைத்துள்ளார்.

காய்களும் தண்டுகளும் அச்சாகும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து முனை கொண்ட விண்மீன் வடிவம் கிடைக்கும். காவிரிக் கரையில் மோகனூர்ப் பக்கத்து வாழைத் தோட்டங்களில் எறியப்படும் வாழைப் பட்டையைக் குறுக்கே வெட்டினால், சிறு சிறு அறைகள் நிறைந்த வலைப்பின்னல் தோன்றும். அவ்வறைகளில் காற்று நிறைந்திருத்தலாலேயே பட்டை கனமின்றி இருக்கிறது. அச்செடுக்கும் மாணவன் செடியின் உள்ளமைப்பையும் உடன் அறிந்துகொள்கிறான். வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றி ஈரம் நீக்கிய பின்னரே மை இடுதல் வேண்டும். இல்லையேல் வடிவம் கசிந்து பரவும்.

இனி, தாமே வடிவம் அமைக்கும் முறையைக் காண்போம். நாமக்கல் மலையில் எட்டாம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைவித்த குடைவரைக் கோயில்களில் நரசிங்கர், உலகளந்த பெருமாள் முதலிய திருவுருவங்கள் பாறைச் சுவரில் புடைப்பாக நிற்கின்றன. சிற்பி உருவத்தைச் சுவரில் ஒட்டவில்லை, உருவம் அல்லாத பகுதியைச் செதுக்கி நீக்கினான், எஞ்சியது உருவமாயிற்று. புடைப்பு அச்சின் முறையும் அதுவே. உருளைக் கிழங்கை ஒரே வெட்டில் இரண்டாக்கி, வெட்டிய முகத்தில் பூவோ மீனோ வரைந்து, கோட்டிற்குப் புறம்பான பகுதியை அரை விரல் ஆழம் பெரியோர் துணையுடன் நீக்கினால், மேடாய் நிற்பது மட்டும் மையை ஏற்கும்.

கிழங்கு ஒரு நாளில் வாடிவிடும். நெடுநாள் நிற்கும் அச்சு வேண்டுமாயின் இரப்பர் உதவும். லாரித் தொழிலில் பெயர் பெற்ற நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பழைய டியூபுத் துண்டுகள் எளிதிற் கிடைக்கும். துண்டினைக் கழுவி உலர்த்தி, வேண்டிய வடிவில் கத்தரிக்கோலால் வெட்டி, சிறு மரக்கட்டையின்மீது பஞ்சர் ஒட்டும் பசையால் ஒட்டுக. அப்பசை எளிதில் தீப்பற்றுவது. ஆதலால் அடுப்பிற்கும் விளக்கிற்கும் தொலைவில், காற்றோட்டமான இடத்தில் ஒட்டுதல் கடமை. இவ்வாறு செய்த அச்சு நூற்றுக்கணக்கான பதிவுகளைத் தரும்.

எழுத்துகளை அச்சாக்க விரும்புவோர் ஓர் உண்மையை மறத்தல் கூடாது. அச்சில் இடமாய் இருப்பது தாளில் வலமாகும்; வலமாய் இருப்பது இடமாகும். 'ப' என்னும் எழுத்தும் ஆய்த எழுத்தும் இரு புறமும் ஒத்திருத்தலால் திருப்பினும் மாறுவதில்லை. 'ட' என்னும் எழுத்தோ மாறிவிடும். ஒரு சொல்லை அச்சாக்கும்போது ஒவ்வோர் எழுத்தையும் திருப்புவதோடு, முதலெழுத்து வலக்கோடியில் அமையுமாறு வரிசையையும் திருப்புதல் வேண்டும். மெல்லிய தாளில் சொல்லை எழுதி, தாளைக் கவிழ்த்து ஒளிக்கு எதிரே பிடித்தால் வேண்டிய வடிவம் தோன்றும். அதனைப் பார்த்துப் படியெடுத்தால் பிழை நேராது.

பிழை என்பது இக்கலையில் சிறிய செய்தி அன்று. கையால் எழுதுவோன் ஓரிடத்தில் தவறினால் ஒரு தாள் கெடும். அச்சில் தவறு இருப்பின், எத்தனை தாள் பதிக்கப்பட்டனவோ அத்தனையிலும் அத்தவறு நிற்கும். நன்மையைப் பெருக்கும் கருவியே பிழையையும் பெருக்கும். சாமிநாதையர் ஒரு நூலை அச்சிற்குக் கொடுக்குமுன் பல சுவடிகளை ஒப்பு நோக்கியதும், அச்சுப் படிகளைத் திரும்பத் திரும்பத் திருத்தியதும் இது கருதியே. ஆதலால் முதலில் ஒரே ஒரு தாளில் பதித்துப் பார்த்து, குறை களைந்த பின்னரே பல தாள்களிற் பதித்தல் முறை.

இவற்றையெல்லாம் கற்ற மாணவர் கூடி, பயனுள்ள பணி ஒன்றைச் செய்யலாம். பத்துப் பேர் சேர்க. ஒவ்வொருவரும் தம் ஊரில் உள்ள மரம் அல்லது செடி ஒன்றினைத் தேர்க. வேம்பு, புங்கு, ஆவாரை, ஆத்தி எனத் தேர்வதற்கு எத்தனையோ உள. தலைமுழுகுவதற்கு உரிய அரப்பைத் தரும் உசிலையும் இச்சமவெளிக்கு உரியதே. அதன் இலை மிகச் சிறிதாதலால் அதனைப் பதிப்பவர்க்குப் பொறுமை மிகுதியும் வேண்டும். ஒவ்வொருவரும் தாம் தேர்ந்த இலையைப் பத்துத் தாள்களிற் பதிக்க. ஓர் இலை சில பதிவுகளில் கிழிந்துவிடும். ஆகவே ஒத்த இலைகள் சிலவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்க. இலையின் கீழே, இரப்பரில் வெட்டிய எழுத்துகளால் அதன் பெயரைப் பதிக்க. பின்னர்த் தாள்களைத் தம்முள் பகிர்ந்துகொள்க. பதிவுகள் நூறு, ஆனால் ஒவ்வொருவரும் செய்தவை பத்தே. ஒவ்வொருவர் கையிலும் பத்துத் தாள் கொண்ட நூல் ஒன்று அமையும்.

பெயர்களைப் பாட்டிமாரிடமும், ஆடு மேய்ப்போரிடமும், உழவரிடமும் கேட்டறிதல் வேண்டும். ஒரு செடிக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் வழங்கலாம்; அவற்றையும் விடாது குறிக்க. இன்று ஏரிக்கரையிலும் வேலியோரத்திலும் நிற்கும் செடிகளுட் பலவற்றின் பெயரை முதியோர் மட்டுமே அறிவர். அவர் காலத்திற்குப் பின் செடி நிற்கும். பெயர் நிற்பது உறுதியன்று. ஓலையில் தனித்துக் கிடந்த நூலுக்கு நேரக்கூடிய கேடே, ஒருவர் நினைவில் மட்டும் தங்கிய பெயருக்கும் நேரும். ஒருவர் அறிந்ததனைப் பத்துப் பேர் கையில் சேர்ப்பதே அக்கேட்டிற்கு மாற்று. அதனைச் செய்வதற்குச் சிறிது கூழும், விளக்குக் கரியும், கேட்டறியும் விருப்பமும் போதும்.