மேல் வீட்டுத் தண்ணீர்: நஷ்டம் யார் தலையில்?

ராத்திரி 2 மணி. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள்.

"சொட்... சொட்..." என்று ஒரு சத்தம். அம்மாள் எழுந்து விளக்கைப் போடுகிறார். கூரையில் பாய் அகலத்துக்கு ஈரம்! கீழே மெத்தை ஊறிக் கிடக்கிறது. மூலையில் இருந்த டெலிவிஷனுக்குள்ளும் தண்ணீர் போய்விட்டது.

மழையா? இல்லை. கூரைக்கு மேலே வானம் இல்லை. இன்னொரு குடும்பம் இருக்கிறது!

இந்த நஷ்டத்தை யார் கொடுப்பது? மேல் வீட்டுக்காரரா? கட்டிட நிர்வாகமா? இன்சூரன்ஸ் கம்பெனியா? அல்லது நனைந்தவரே நஷ்டப்பட வேண்டியதுதானா?

சிங்கப்பூரில் அடிக்கடி எழும் கேள்வி இது. நம் ஊர்களில் இருந்து போன எத்தனையோ குடும்பங்கள் அங்கே அடுக்கு மாடிகளில் வாழ்கின்றன. அங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

வீடு எங்கே முடிகிறது?

சிங்கப்பூர் மக்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் வசிப்பது அரசு கட்டிய அடுக்கு மாடிகளில். தனியார் கட்டுகிற அடுக்கு மாடிகளில் ஒரு வகைக்கு "கொண்டோமினியம்" என்று பெயர். அங்குள்ள தமிழர்கள் அதைக் "கூட்டுரிமை வீடு" என்கிறார்கள். நல்ல பெயர். விஷயம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

வீடு உங்களுக்குச் சொந்தம். ஆனால் மாடிப்படி, லிப்ட், நீச்சல் குளம், மொட்டை மாடி, வெளிச்சுவர் இவை எல்லோருக்கும் பொது. இவற்றைக் கவனிக்க வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த நிர்வாகச் சங்கம் ஒன்று உண்டு. அதற்கு ஒவ்வொருவரும் பணம் கட்ட வேண்டும்.

சரி, உங்கள் வீடு எங்கே முடிகிறது? மேல் வீடு எங்கே தொடங்குகிறது?

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கான்கிரீட் தளம். பிளானில் வேறு விதமாகக் காட்டியிருந்தால் ஒழிய, அந்தத் தளத்தின் நடு மத்திதான் எல்லை! மேல் பாதி அவருடையது. கீழ் பாதி உங்களுடையது. வயலுக்கு வரப்பு உண்டு. கண்ணால் பார்க்கலாம். இந்த வரப்பு கான்கிரீட்டுக்குள் புதைந்து கிடக்கிறது. தண்ணீருக்கு அது தெரியவா போகிறது?

குழாய்க்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே வீட்டுக்காக, அந்த வீட்டுக்குள் ஓடும் குழாய் அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. பல வீடுகளுக்குப் போகும் குழாய் பொதுச் சொத்து. அது உடைந்தால் நிர்வாகச் சங்கம்தான் சரி செய்ய வேண்டும்.

"நான் இல்லை" என்று சொன்னால் போதாது

கீழ் வீட்டுக்காரர் மாடி ஏறிப் போகிறார். கதவைத் தட்டுகிறார்.

"என் வீட்டில் குழாய் எல்லாம் நன்றாக இருக்கிறது. வேறு எங்காவது பாருங்கள்" என்கிறார் மேல் வீட்டுக்காரர்.

கீழ் வீட்டுக்காரர் என்ன செய்வார்? அடுத்தவர் வீட்டுத் தரையைத் தோண்டிப் பார்க்க முடியுமா?

இங்கேதான் சிங்கப்பூர் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2004-ல் கட்டிடப் பராமரிப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அதன் 101-வது பிரிவில் ஒரு விதி. கூரையில் ஈரமோ, கசிவோ இருந்து விவகாரம் மன்றத்துக்கு வந்தால், பழுது அதற்கு மேலே உள்ள வீட்டில்தான் என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே இருப்பது பொது இடமானால், பழுது அங்கே என்று கொள்ள வேண்டும்.

"இல்லை" என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும்! நனைந்தவர் அல்ல.

பக்கத்து நாடான மலேசியாவிலும் இதே மாதிரி விதி இருக்கிறது. புகார் வந்த 7 நாளில் இடத்தைப் பார்வையிட வேண்டும் என்றும் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் இந்த வழக்குகளைக் கேட்பது "ஸ்ட்ராட்டா டைட்டில்ஸ் போர்டு" என்ற மன்றம். முதலில் சமரசம் பேசுவார்கள். முடியாவிட்டால்தான் விசாரணை.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. மேல் வீட்டுக் குளியல் அறையில் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துவிடுவார்கள். தரையில் சாயத் தண்ணீரைத் தேக்கி, ஒரு நாள் விட்டு வைப்பார்கள். கீழே கூரையில் சாயம் தெரிந்தால் முடிந்தது கதை! தரைக்கு அடியில் நீர் இறங்காமல் பூசிய பூச்சு தேய்ந்து போயிருக்கிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் உடனே விடுதலை என்று சொல்ல முடியாது. குழாயையும் பார்க்க வேண்டும்.

இன்சூரன்ஸ் என்ன தரும்?

"கட்டிடத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே!" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இருக்கிறது. நிர்வாகச் சங்கம் கட்டாயம் எடுத்தாக வேண்டும். ஆனால் அது எதற்கு? தீ, இடி, வெடிப்பு. தண்ணீர்? பாலிசியில் எழுதியிருந்தால் உண்டு. எழுதாவிட்டால் இல்லை. அதுவும் கட்டிடத்துக்குத்தான். உங்கள் மெத்தைக்கும் டெலிவிஷனுக்கும் அல்ல.

வீட்டுச் சாமான்களுக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம். குழாய் திடீரென்று வெடித்துத் தண்ணீர் கொட்டினால், பொதுவாகப் பணம் உண்டு. ஆறு மாதமாகச் சிறுகச் சிறுகக் கசிந்து சுவர் கெட்டுப் போனால், அநேகமாகப் பணம் இல்லை! "இது தேய்மானம். முன்பே ஏன் கவனிக்கவில்லை?" என்று கம்பெனி கேட்கும். நஷ்டத்தில் முதல் பகுதியாக ஒரு தொகையை நீங்களே ஏற்க வேண்டும் என்றும் பல பாலிசிகளில் எழுதியிருக்கும்.

மேல் வீட்டுக்காரருக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பிறருக்குத் தம்மால் ஏற்படும் நஷ்டத்தையும் சேர்த்து அவர் இன்சூர் செய்யலாம். ஆனால் அவர் சட்டப்படி பொறுப்பாளி என்றால்தான் கம்பெனி பணம் கொடுக்கும். மன்றத்தில் மேல் வீடு என்று "எடுத்துக்கொள்வது" பழுதைச் சரி செய்வதற்கு. கம்பெனி அதை அப்படியே ஒப்புக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். கவனக் குறைவு எங்கே என்று கேட்கும்.

இதைக் கேளுங்கள். கதவைத் தட்டியதும், "தப்பு என்னுடையதுதான். முழுப் பணமும் தருகிறேன்" என்று மேல் வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? நல்ல மனிதர் என்று நாம் பாராட்டுவோம். கம்பெனி பாராட்டாது! "எங்களைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது" என்று பாலிசியில் சாதாரணமாகவே ஒரு நிபந்தனை இருக்கும். அதைக் காட்டி அவருக்குப் பணம் இல்லை என்று சொல்லிவிடலாம். வருத்தம் தெரிவிக்கலாம். குழாயை உடனே மூடலாம். துடைக்க உதவி செய்யலாம். பணத்தைப் பற்றி மட்டும் கம்பெனியைக் கேட்ட பிறகு பேச வேண்டும். அக்கம்பக்கத்து நேயத்துக்கு இது ஒத்து வராதுதான். என்ன செய்வது?

கீழ் வீட்டுக்காரருக்கும் அவசரம் கூடாது. நனைந்த மெத்தையைக் கோபத்தில் குப்பையில் போட்டுவிடக் கூடாது. படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். மதிப்பிடுகிறவர் வந்து பார்க்கும் வரை, முடிந்தால், சாமானை வைத்திருக்க வேண்டும். அவருக்கு அவருடைய கம்பெனியே பணம் கொடுத்துவிட்டால் சண்டை தீர்ந்ததா? அவருக்குத் தீர்ந்தது. கொடுத்த பணத்தைக் கேட்டுக் கம்பெனி மேல் வீட்டுக்காரரிடம் போகலாம்.

வாடகைக்கு இருப்பவர்

இதில் ஒருவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வாடகைக்கு இருப்பவர்!

வேலைக்காகப் போன நம் பிள்ளைகள் பலர், நாலைந்து பேராகச் சேர்ந்து இப்படிப்பட்ட வீடுகளில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். கூரை ஒழுகினால், சுவரும் தரையும் வீட்டுக்காரர் கவலை. ஆனால் பெட்டியில் இருக்கும் துணிமணி, கம்ப்யூட்டர், படித்துப் பெற்ற சர்ட்டிபிகேட்? வீட்டுக்காரரின் பாலிசி சாதாரணமாக இவற்றுக்குப் பணம் தராது. வாடகைக்காரர் தம் பெயரில் தனியாக எடுக்க வேண்டும். எடுக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

அடுத்த முறை சிங்கப்பூரில் இருந்து மகன் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்ட பிறகு, கட்டிலுக்கு மேலே கூரையில் ஈரம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். இருந்தால், இன்றைக்கே படம் எடுத்து, தேதி போட்டு, வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.