வேலி: முள்ளா, நிலமா?

“தாத்தா காலத்துப் பத்திரத்தில் ‘நன்செய் அரை வேலி’ என்று எழுதியிருக்கிறது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கப் போகிறோம். வேலி என்றால் முள்வேலிதானே? இது எத்தனை ஏக்கர்?” என்று காவிரிப் பாசனப் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேலி என்ற சொல்லுக்கு முதல் பொருள் அடைப்பு. ஆடு மாடு பயிரில் வாய் வைக்காமல் காப்பது வேலி. இது தமிழுக்கு மட்டும் உரிய சொல் அல்ல. மலையாளத்திலும் வேலிதான், கன்னடத்தில் ‘பேலி’. நம் ‘வ’ அங்கே ‘ப’ ஆவது வழக்கம். நம் வேர் அங்கே பேர். வேல முள்ளால் அடைப்பதால் வேலி என்று பெயர் வந்ததாகச் சிலர் சொல்வார்கள். ஆனால் கன்னடத்தில் வேல மரத்துக்கு ‘ஜாலி’ என்று பெயர். அடைப்பு மட்டும் பேலி. கொங்குச் சீமைக் கொறங்காடுகளைக் காப்பதும் வேல முள் அல்ல, கிளுவை உயிர்வேலி.

அடைப்பைக் குறித்த சொல்லே அடைபட்ட நிலத்துக்கும் ஆனது. திருநெல்வேலி, நெய்வேலி, யாழ்ப்பாணத்து நீர்வேலி, அச்சுவேலி என ஊர்ப்பெயர்களிலும் அது நிற்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வேலி நில அளவாகவே வருகிறது.

உங்கள் பத்திரத்தில் இருப்பதும் இந்த அளவுதான். கணக்கு இது:

100 குழி = 1 மா
20 மா = 1 வேலி

12 அடிக் கோலால் அளந்தால் ஒரு குழி 144 சதுர அடி. அப்படியானால் ஒரு மா சுமார் 33 சென்ட். ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். உங்கள் அரை வேலி, 10 மா, சுமார் 3.3 ஏக்கர்.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பிப் பாகம் பிரிக்க வேண்டாம். பழைய நாளில் அளவுகோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியது. கோல் மாறினால் குழி மாறும்; குழி மாறினால் வேலியும் மாறும். பத்திரத்தில் உள்ள நான்கெல்லையைப் பாருங்கள். பட்டாவில் உள்ள சர்வே எண், பரப்பு, புலப்படம் மூன்றையும் ஒத்துப்பாருங்கள். சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்ட பிறகு பாகப்பத்திரம் எழுதுங்கள்.

முள்வேலியை எல்லையாக நம்பவும் வேண்டாம். வருடா வருடம் அடைக்கும்போது வேலி அரை அடி நகரலாம். காகிதத்தில் உள்ள எல்லை நகராது.